பி-ஒன் மாத்திரையும் சீசன் விருந்தாளிகளும்

சத்துணவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாட்களில், அத்தானைக் குடியிலிருந்து மீட்பது என்று முடிவெடுத்தேன். அதற்குள் அக்கா வேறொரு முடிவு எடுத்திருந்தாள். இந்தச் சாரல் சீசனையும் அவர் குடித்தே கழித்தால், திருநெல்வேலிப் பள்ளிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு மகளோடு போய்விடுவாள். டீச்சர், சொன்னால் செய்வாள்.

எனக்கோ ஒரே பரபரப்பு. குடிப்பவர்கள் உடம்பில் பி-ஒன் வைட்டமின் குறையும், மக்னீசியம் குறையும் என்று படித்திருந்தேன். அதுவரை சரி. அவற்றை நிரப்பிவிட்டால் குடி ஆசையும் வடிந்துவிடும் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. கைபேசிக் காணொளிகளும் ஆமாம் போட்டன. பி-ஒன், மக்னீசியம், மீன் எண்ணெய் என்று டப்பா டப்பாவாக வாங்கித் தென்காசி வீட்டு அலமாரியில் அடுக்கினேன்.

அத்தான் மறுக்கவில்லை. ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமை மீன் எண்ணெய் தொடமாட்டார். அன்றைக்குச் சுத்த சைவம். பிராந்தி சைவம்தானே, அதற்கு வெள்ளி செவ்வாய் கிடையாது.

பி-ஒன் டப்பா மட்டும் வேகமாகக் காலியானது. மனுஷன் எவ்வளவு ஆர்வமாய்ப் போடுகிறார் பார் என்று அக்காவிடம் பெருமையடித்தேன். அவள் விருந்தாளிகளுக்குத் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். சீசன் வந்தால் எங்கள் ஊர் வீடுகள் சத்திரம். மதுரையிலும் சென்னையிலும் இருக்கிற சொந்தங்களுக்கு அப்போதுதான் நம் ஞாபகம் வரும். அவர்களை அருவிக்குக் கூட்டிப்போவது வீட்டு ஆம்பளையின் கடமை. காரில் பாட்டில் கொண்டுவருவது அவர்கள் செய்யும் மரியாதை.

ஒரு ஞாயிறு, ஐந்தருவியில் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு நானும் அக்காவும் ஈரத் தலையோடு காருக்குத் திரும்பினோம். டிக்கி திறந்திருந்தது. மிளகாய் பஜ்ஜி, பிளாஸ்டிக் கிளாஸ், நடுவில் என் டப்பா. அத்தான் தன் சித்தப்பா மகன்களின் உள்ளங்கையில் பிரசாதம்போல மாத்திரை வைத்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாம குடிங்கலே. இத முதல்ல போட்டுட்டா ஈரலுக்கு ஒண்ணும் ஆகாது. கொழுந்தியா சொல்லுதா, அவ படிச்சவ.”

நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஒருவர் என்னிடம், இது சென்னையில் கிடைக்குமா என்று பணிவாக விசாரித்தார்.

அக்கா டிக்கியை மூடினாள். விருந்தாளிகளை ஊருக்கு வழியனுப்பினாள். பிறகு அத்தானிடம் கேட்டாள்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாரீங்களா, இல்ல நான் திருநெல்வேலிக்குப் போகட்டுமா?”

போனார். அரசு டாக்டர் முதலில் எழுதியதும் பி-ஒன்தான், ஊசியாக. எனக்கு முகமெல்லாம் பூரிப்பு. இது நரம்பைக் காப்பாற்ற, ஆசையை நிறுத்த இல்லை என்று சொல்லிவிட்டு, யாரோடு குடிப்பீர்கள், எப்போதெல்லாம் என்று அத்தானிடம் கேட்க ஆரம்பித்தார். அலமாரி நிறைய டப்பா அடுக்கிய எனக்கு அது கேட்கத் தோன்றவே இல்லை. சில நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

வீடு திரும்பிய வாரமே மதுரையிலிருந்து போன். அருவி நல்லா விழுதாமே, சனிக்கிழமை வந்துருதோம். அக்கா ஸ்பீக்கரைப் போட்டு அத்தானிடம் நீட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் ஜன்னலைப் பார்த்தார். வெளியே இதமான சாரல், குளிக்கத் தோதான நாள்.

“வெள்ளமா வருது, குளிக்க விடல. இந்த வருஷம் வராதீங்க.”

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, பொய் சொல்லுததுக்கு ஏதும் மாத்திர வச்சிருக்கியா?”

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.