எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய கார்

மலையிலேயே பிறந்து மலையிலேயே வளர்ந்தவளுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளாது. கோத்தகிரியிலிருந்து குன்னூர் போய்ச் சேருவதற்குள் எப்படியும் வாந்தி எடுத்துவிடுவேன். பஸ் கண்டக்டருக்கே என் முகம் தெரியும். ஏறும்போதே ஜன்னலோரத்தைக் காட்டிவிடுவார். இந்த வியாதிக்காக அம்மாவிடம் நான் வாங்காத திட்டு இல்லை. என் ஏழு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு அந்தத் திட்டு நின்றது.

அம்மாவின் தம்பி, என் மாமா, கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டிராக்டர் டிரைவர். தேயிலைக் கொழுந்து மூட்டைகளை ட்ரெய்லரில் ஏற்றி ஃபேக்டரியில் கொண்டுபோய் இறக்குவது வேலை. சொந்தமாக ஒரு டாக்ஸி ஓட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, பைத்தியம். வெலிங்டனில் ஒரு பெரியவர் வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த கறுப்புக் கார் ஒன்றை எப்படியோ பேசி வாங்கிவிட்டார். இஞ்சின் செத்திருந்தது. பிரேக்கும் இல்லை. வீட்டு முன்னால் கொண்டுவந்து போட்டுத் தானே பிரித்துச் சரிசெய்வதாகத் திட்டம். அதற்காக எஸ்டேட்டில் கெஞ்சிக் கூத்தாடி, டிராக்டரையும் ட்ரெய்லரையும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினார்.

ட்ரெய்லரில் கார் ஏற்றுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. லாரிக்காரர்களிடமெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். ஒரு மேட்டோரம் ட்ரெய்லரை ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு, ஆட்களை வைத்துத் தள்ளிக் காரை ஏற்றினார். காரின் நீளத்துக்கு ட்ரெய்லரின் பின்கதவைச் சாத்த முடியவில்லை, அதைக் கழற்றிவிட்டார். பதிலுக்கு, சக்கரம் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் கல் கொடுத்து, லாரிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கட்டியதை இழுத்துப் பார்த்தார். நாலடி நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அவ்வளவு ஜாக்கிரதை.

கார் எடுப்பதைப் பார்க்க அம்மாவும் நானும் வெலிங்டனுக்கு வந்திருந்தோம். திரும்பும்போது தன் அக்காவை டிராக்டர் மட்கார்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போக அவருக்கு மனம் வரவில்லை. "எங் கார்ல மொதல்ல எங்கக்காதான் உக்காரோணும்" என்று சொல்லி, ட்ரெய்லர்மேல் நின்ற காருக்குள் எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டார். அம்மா வேண்டாம் என்று சொன்னாள். ஆனால் சொல்லும்போதே முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஏறிவிட்டாள்.

அந்த உயரத்திலிருந்து பார்த்தால் தேயிலைக் காடெல்லாம் காலுக்குக் கீழே. ஒவ்வொரு வளைவிலும் மாமா நிறுத்தி இறங்கிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சந்தைக்கு நடந்துபோனவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். என் மடியில் ஒரு பொட்டலம் வர்க்கி, எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட். கார் ஊஞ்சல்போல் ஆட ஆட நான் தின்றுகொண்டே வந்தேன். எனக்கு அது எங்கே போய் முடியும் என்று அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு இருந்த பெருமையில் மறந்துவிட்டாள்.

கோத்தகிரி தாண்டி ஓர் ஏற்றத்தில் அம்மன் கோயில் இருந்தது. புது வண்டி வாங்கியவர்கள் அங்கே நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் போகமாட்டார்கள். மாமாவும் நிறுத்தினார். "அக்கா, உள்ளயே இரு. பழம் நசுங்கறப்ப வண்டீல பொம்பள இருந்தா லட்சுமியாட்டம்" என்று சொல்லிவிட்டுப் பூசாரியைத் தேடிப் போனார்.

பனிமூட்டம் இறங்கிக் காரின் கண்ணாடியெல்லாம் வெளுத்திருந்தது. வெளியே பூசாரியின் குரல் கேட்டது.

"ஏனுங் தம்பி, பூச எந்த வண்டிக்குங்க?"

"காருக்குத்தானுங்க. டிராக்டர் எஸ்டேட்டோடதுங்க."

"அப்பக் காரோட சக்கரமில்லீங்க பழத்து மேல ஏறோணும்?"

மாமாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. ட்ரெய்லர்மேலேயே கார் ஒரு சாண் நகர்ந்தால் போதும், பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைப் புரட்டியது.

புது வண்டி சீட்டில் வாந்தியா! அம்மா பதறிப்போனாள். தம்பிக்குத் தெரிந்தால் நல்ல நேரத்தில் அபசகுனம் என்று குதிப்பான் என்று பயந்து, மறுபக்கக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து, என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ட்ரெய்லர் டயரில் கால் வைத்து இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தவும் செய்தாள். கோயிலுக்குப் பின்னால் தைலமரத்தடியில் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இறங்கியது மாமாவுக்குத் தெரியாது.

அவர் கயிற்றை அவிழ்த்தார். கற்களை எடுத்துப் பழங்களை வைத்தார். பின்சக்கரம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சாண் தள்ளி ஒரு கல் போட்டுவிட்டு, முன்னாலிருந்து காரைத் தள்ளினார். வழியெல்லாம் அத்தனை பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர், எல்லாவற்றையும் தன் கையாலேயே அவிழ்த்தார். பழம் நசுங்கியது. கார் நிற்கவில்லை. ட்ரெய்லரின் ஈரத் தகரத்தில் கற்களையும் தள்ளிக்கொண்டு பின்புறமாகச் சரிந்தது.

நான் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கார் ட்ரெய்லரிலிருந்து ரோட்டில் விழுந்தது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. விழுந்த வேகத்தில் ரோட்டைக் கடந்து, தேயிலைச் சரிவில் இறங்கி, உருண்டு, கீழே ஒரு சில்வர் ஓக் மரத்தில் மோதித் தலைகீழாக நின்றது. பூசாரியின் தட்டு கீழே விழுந்து சுழன்றது. அம்மாவின் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை.

மாமா சரிவில் விழுந்தடித்து ஓடினார். "அக்கா! அம்மிணி! அக்கா!" என்று அவர் அலறியது மலையெல்லாம் கேட்டது. கார் போன துக்கத்தில் எங்களைக் கூப்பிட்டு அழுகிறார் என்று நான் நினைத்தேன். ஒரு பழைய காருக்காக வளர்ந்த ஆம்பிளை இப்படியா அழுவது? வெளுத்த கண்ணாடியை வெறுங்கையால் குத்தினார். நெற்றியால் முட்டினார். எனக்கு வேறொரு கவலை வந்துவிட்டது. சரிவின் ஓரத்துக்குப் போய்க் கத்தினேன்.

"மாமா! உள்ள என்ற வர்க்கி இருக்குதுங்க, எடுத்துட்டு வாங்க!"

மாமாவின் கை அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். அப்படியே தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துவிட்டார். பிறகு கைகளையும் ஊன்றித் தவழ்ந்துகொண்டே மேலே ஏறி வந்து, ரத்தக் கையோடு என்னை மூச்சு முட்ட அணைத்துக்கொண்டு, முன்னைவிடப் பெரிதாக அழுதார்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. போன காருக்கு இவ்வளவு அழத் தெரிந்தவருக்கு, அவ்வளவு தூரம் போயும் என் வர்க்கியை எடுத்துவரத் தோன்றவில்லையே என்று, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நானும் தேம்பித் தேம்பி அழுதேன்.