மெர்சி வீட்டுக்கு வெட்டிய மெழுகுவர்த்தி

தெரிந்தேதான் செய்தேன். "அட்டை மாறிப்போச்சு" என்று சபை முழுக்கச் சொன்னேனே, அது பச்சைப் பொய்!

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். வண்டிப்பெரியாருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில், கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகும்போது வீட்டுக்கு ஓர் அட்டை கொடுப்போம். அத்தனையும் என் கைவேலை. ரப்பர் ஸ்டாம்பில் வசனம் பதித்து, கைப்பிடி சுற்றும் சின்ன மெஷினில் டை என்கிற வெட்டச்சை வைத்து நட்சத்திரம் வெட்டி ஒட்டுவேன். அந்தந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் நட்சத்திரம் கிடையாது. வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்று, "கர்த்தர் உங்களைத் தேற்றுவார்" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

போன டிசம்பரில் மெர்சி வீட்டில் யாரும் சாகவில்லை. அவள் கணவர் செல்வராஜ் ஈரல் கெட்டு, கோட்டயத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துக்கொள்வார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மகனைத் துணைக்கு விட்டுவிட்டு அவள் பண்டிகைக்கு வீடு வந்திருந்தாள்.

அவளுக்கு நான் மெழுகுவர்த்தி வெட்டினேன். மனசு கூசியதா? இல்லை! இனித்தது...

ஏன் என்கிறீர்களா? என் மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததை, ஜெபத்தில் நினைத்துக்கொள் என்று இவள் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன். மூணாறு பக்கம் பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் காதில் அதைப் போட்டுவிட்டாள். நிச்சயத்துக்கு நாலு நாள் முன்பு சம்பந்தம் முறிந்தது. என் பிள்ளை ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

"உள்ளதத்தானக்கா சொன்னேன்" என்றாள் மெர்சி. உள்ளதாம்!

கேரல் இரவில் அவள் வீட்டு வாசலில் பாட்டு முடிந்ததும் கவரைப் பிரித்தாள். அட்டையைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட எதையும் மறைக்கியளா? அவரு போயிட்டாரா?" என்று அலறினாள்.

"ஐயையோ, கவர் மாறிட்டுடி!" என்று நானே முதலில் ஓடிப்போய் அணைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட நடிப்பு!

ஆனாலும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். இரண்டு நாளில் செல்வராஜ் இறந்தார், அவள் பக்கத்தில் இருக்கும்போதே.

ஈஸ்டர் கழிந்து என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, அந்த அட்டை வரலேன்னா பண்டிகை முடிஞ்சுதான் போயிருப்பேன். அவரு மொகத்தக்கூட உயிரோட பாத்துருக்க மாட்டேன். ஆண்டவர் ஒங்க கையால எனக்குச் சொல்லிட்டாரு" என்று என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது! அவள் துடிக்கவேண்டும் என்று செய்ததற்கு நன்றி சொல்கிறாளே, பாவி...

உண்மையைச் சொல்லிவிடலாம் அல்லவா, என்கிறீர்கள். பலமுறை வாயெடுத்தேன். சொன்னால் என் பாரம் இறங்கும். அவளுக்கு மிஞ்சியிருக்கும் அந்த ஒரு ஆறுதலும் போகும். அது போகட்டும் என்றும் எனக்கு ஆசையாக இருக்கிறதே! மன்னிப்புக் கேட்கப் போகிறேனா, இரண்டாம் முறை அடிக்கப் போகிறேனா... எனக்கே தெரியவில்லை.

ஞாயிறுதோறும் கோயிலில் என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்காருகிறாள். நான் நகர்ந்து இடம் கொடுக்கிறேன்.