பாரிஸில் ராகு காலம்: லா சப்பேலிலிருந்து லூவ்ர் வரை

விருதுநகரில் ஒரு பள்ளியில் பத்தொன்பது வருடமாக நான் டிராயிங் டீச்சர். நேர அட்டவணையில் எனக்கு வாரம் பதினாறு பீரியட் உண்டு. அதில் பாதிகூட என் கைக்கு வந்ததில்லை. பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார். "போர்ஷன் முடியல டீச்சர்" என்பார். நான் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் பாடத்தை நானே விட்டுக்கொடுக்கிறேனே என்று என் மேல்தான் கோபம்.

இந்த மே விடுமுறையில் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தோம். அங்கிருந்து பாரிஸுக்கு மூன்று நாள். அவனுக்கு லீவு கிடைக்காததால் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் கிளம்பினோம். ஓவியப் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தில் தபால்தலை அளவில் நான் பார்த்த கிரேக்க வெற்றித் தேவதையின் சிலை லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்னால் நின்று என் கையாலேயே வரைந்து, ஊருக்குக் கொண்டுவந்து வகுப்பறையில் மாட்ட வேண்டும். எனக்குப் பாரிஸில் இருந்த வேலை அவ்வளவுதான். ஈஃபில் கோபுரமெல்லாம் அப்புறம்.

வியாழக்கிழமை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து அதிவேக ரயிலில் மூன்றே கால் மணி நேரம். மாலை 4.40க்கு 'கார் து லெஸ்த்' ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் வடக்கே நடந்தால் நாங்கள் தங்கவிருந்த லா சப்பேல் பகுதி சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். பெட்டியை உருட்டிக்கொண்டு எங்களுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. முதல் பாதியில் ஒரு எழுத்தும் புரியவில்லை. பிறகு ஒரு நகைக்கடைப் பலகை தமிழில் வந்தது, அடுத்து புடவைக்கடை, அப்புறம் முருங்கைக்காய் கட்டுக்கட்டாக அடுக்கிய மளிகைக்கடை. விருதுநகரிலிருந்து இரண்டு கிலோ ஊறுகாய் சுமந்து வந்தவள் நான். அதே மாவடு அந்தக் கடையில் மூன்று பிராண்டில் இருந்தது. வீட்டுக்காரர் அன்று இரவு வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு தமிழர் வீட்டு மாடியில் அறை எடுத்தோம், ஒரு இரவுக்கு 85 யூரோ. சின்ன அறைதான், ஆனால் சுத்தம்.

அவர் சிரிப்புக்கு மறுநாளே பதில் கிடைத்தது.

என் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட ராகு காலத்தில் ஷட்டரைத் தூக்கியவர் இல்லை. லூவ்ருக்கு நேரம் குறித்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும் என்று சொல்லி, பன்னிரண்டரைக்கு இரண்டு டிக்கெட் போட்டிருந்தார். தலா 22 யூரோ.

வெள்ளி காலை ஒன்பதரைக்கு ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு சாப்பாட்டுக்கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். ஒரு தட்டு 6 யூரோ. கல்லாவில் இருந்த ரோசலின் மன்னாரிலிருந்து வந்து பதினெட்டு வருடம் ஆகிறதாம். அவர் தலைக்கு மேலே மாதா படமும், அதன் பக்கத்தில் தமிழ்க் காலண்டரும் தொங்கின. வீட்டுக்காரருக்குக் காலண்டரைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"தங்கச்சி, இதுல ராகு காலம் தப்பா போட்டிருக்கே?"

ரோசலின் எட்டிப் பார்த்தார். "இல்லை அண்ணை, சரியாத்தான் கிடக்கு. பதினொண்டு ஐம்பதிலயிருந்து ஒண்டே முக்கால் மட்டும். இது பாரிஸ் நேரத்துக்குக் கணிச்ச கலண்டர். சூரியன் உதிக்கிறதையும் படுறதையும் வச்சுத்தானே கணக்கு? இஞ்சை இப்ப இரவு ஒன்பதரைக்குத்தான் பொழுதுபடுகுது."

வீட்டுக்காரர் கையில் இடியப்பம் அப்படியே நின்றது. ராகு காலத்துக்குத் தப்பிப்பதாக நினைத்து, அதன் நட்டநடுவில் போய் டிக்கெட் போட்டிருக்கிறார்! ஊறுகாய்க்கு நான் பழி தீர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு நேரம் கிடைக்குமா என்று போனில் தேடினோம். நாங்கள் கிளம்பும் ஞாயிறு வரை எல்லாம் தீர்ந்துவிட்டது.

லா சப்பேல் மெட்ரோவில் இரண்டாம் எண் தடத்தில் ஒரு ஸ்டேஷன் போய், ஸ்தாலின்கிராதில் ஏழாம் தடத்துக்கு மாறினால் நேரே லூவ்ர் வாசல். ஒருவருக்கு 2.50 யூரோ, இருபத்தைந்து நிமிடம். வழி நெடுக அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடிப் பிரமிடு முன்னால் வரிசை நகர்ந்தது. எங்கள் முறை வருவதற்கு நாலு பேர் இருக்கும்போது அவர் விலகி நின்றுவிட்டார்.

"நீ போ. நான் வரலை."

"தனியாவா? எனக்கு இங்க ஒரு வார்த்தை தெரியாது."

"சிலைக்கு மட்டும் தெரியுமாக்கும்? போ. ஆனா என்னைக் கூப்பிடாத, இந்த நேரத்துல புதுசா ஒரு இடத்துல நான் கால் வைக்க மாட்டேன்."

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் பக்கத்து ஊர் சிவகாசிக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப்போகிறது என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. பிறகு கோபம் வந்தது. கணக்கு சாருக்குக் கொடுத்தாயிற்று, இனி ராகுவுக்கும் கொடுக்க வேண்டுமா? டிக்கெட் இருந்த போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அம்புக்குறிகளைப் பிடித்துப் போனால் பத்து நிமிடத்தில் சிலை நிற்கும் படிக்கட்டு வந்துவிடும். உச்சியில், கல் கப்பலின் முனையில், இறக்கை விரித்து நிற்கிறாள் அவள். தலையும் இல்லை, கையும் இல்லை. கடற்காற்றில் ஈரப் புடவை உடம்போடு ஒட்டுமே, அப்படி ஒட்டிக்கொண்டு பறக்கிறது கல். தபால்தலை அளவில் பார்த்தது இதில் கால்வாசிகூட இல்லை. வாய்விட்டு அழுதேன், யாரும் கவனிக்கவில்லை.

நோட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது, பென்சில் டப்பா அவர் தோள்பையில் வெளியே இருக்கிறது. என் கைப்பையில் ஒரு ஜெல் பேனாதான். அதை எடுத்ததும் காவலர் பெண் ஒருவர் ஓடிவந்து விரலை ஆட்டினார். அங்கே வரையலாம், ஆனால் பென்சிலில் மட்டும்தான்.

படிக்கட்டின் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் அட்டையில் தாளைச் செருகி நின்றபடி அதே சிலையை வரைந்துகொண்டிருந்தார்கள். ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமியிடம் கையால் எழுதுவதுபோல் காட்டினேன். அவள் பென்சில் பெட்டியையே நீட்டினாள். நன்றாகச் சீவிய ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்று வரைய ஆரம்பித்தேன்.

அரை மணி நேரம் போனது தெரியாது. திரும்பினால் அந்தச் சிறுமி தன் தாளை விட்டுவிட்டு என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலையின் துணியை அவள் சமையலறைக் கம்பிவலை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருந்தாள். எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு அப்படித்தான் போடும். எனக்குக் கை பரபரத்தது. அவள் முஷ்டியை நீட்டச் சொல்லி, என் முந்தானையை அதன்மேல் போட்டேன். துணி எங்கே தாங்கி நிற்கிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும். முஷ்டியிலிருந்து கீழே இறங்கும் மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டி, பிறகு சிலையின் இடுப்பைக் காட்டினேன். அவள் "ஆ!" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் முஷ்டியை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பொள்ளாச்சிப் பருத்திப் புடவை அன்று பதினெட்டு முஷ்டிகளில் ஏறி இறங்கியது.

அவர்களுடைய ஆசிரியை வந்து ஆங்கிலத்தில் கேட்டார், நீங்கள் ஆசிரியையா என்று.

"ஆமாம். டிராயிங் டீச்சர்," என்றேன். ஊரில் இதைச் சொல்லும்போது என் குரல் இறங்கிவிடும். அங்கே இறங்கவில்லை. அந்தப் பெருமையை நான் இன்னும் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுத்தபோது சிறுமி வாங்க மறுத்துவிட்டாள்.

நாலு மணிக்கு வெளியே வந்தேன். நீரூற்றுத் திண்டில் அவர் வாடி உட்கார்ந்திருந்தார். காலை இடியப்பத்துக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. நோட்டை நீட்டினேன்.

"தலை எங்க?"

"கிடையாது."

"கை?"

"அதுவும் கிடையாது."

"இதுக்கா இருபத்திரண்டு யூரோ?" என்றார். ஆனால் நோட்டைத் திருப்பித் தரவில்லை. மெட்ரோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். லா சப்பேலில் அறைக்குப் போகாமல் நேரே சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்து, "தங்கச்சி, இதைப் பாரு. எங்க வீட்ல வரைஞ்சது, லூவ்ருல நின்னு," என்றார். கடையில் இருந்த ஆறு பேரும் கூடிவிட்டார்கள்.

ரோசலின் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "பதினெட்டு வருஷம் இஞ்சை இருக்கிறன் அக்கா, ஒருக்காலும் உள்ளுக்கை போனதில்லை. ஒரு ஃபொட்டோகொப்பி எடுத்து இதிலை ஒட்டட்டே?" ராகு காலம் போட்ட காலண்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். வீட்டுக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு டீ சொன்னார்.

சனிக்கிழமை காலை நோத்ர்-தாம் தேவாலயம், நுழைவு இலவசம், வரிசையில் நாற்பது நிமிடம். மதியம் நாலாம் தடத்தில் கடைசிவரை போய், சேன்-துவானில் பழம்பொருள் சந்தை. சனி, ஞாயிறு, திங்கள் மட்டும்தான் உண்டு. ஒரு பழைய மரச்சட்டத்துக்கு இருபத்தைந்து யூரோ சொன்னார்கள். விருதுநகர் ஆள் பேரம் பேசினால் கேட்க வேண்டுமா? பதினான்குக்கு முடித்தார்.

போகிறவர்களுக்கு: லூவ்ர் செவ்வாய் விடுமுறை. டிக்கெட்டை இரண்டு வாரம் முன்னால் எடுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் கூடிவிட்டது என்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்கு அரை மணிக்குமேல் தாமதமானால் நுழைய முடியாது என்று எங்களிடம் சொன்னார்கள். மெட்ரோ கார்டு ஆளுக்கு ஒன்று வேண்டும். நல்ல நேரம் பார்ப்பவர்கள் லா சப்பேல் காலண்டரைப் பாருங்கள். ஊறுகாய் வேண்டாம். பென்சிலை உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மரச்சட்டம் இப்போது என் ஓவியத்தோடு எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் சுவரில் இருக்கிறது. ஜூலையில் முதல் பரீட்சை நெருங்கிய வாரம், புதன்கிழமை கடைசி பீரியட். நாற்பத்தொரு பிள்ளைகள் பக்கத்திலிருப்பவர் முஷ்டிமேல் கைக்குட்டையைப் போட்டு மடிப்பு வரைந்துகொண்டிருந்தார்கள். வாசலில் கணக்கு சார் வந்து நின்றார்.

"டீச்சர், போர்ஷன் முடியல..."

"எங்களுக்கும் முடியல சார். போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க, காத்துல பேப்பர் பறக்குது."