அண்ணன் பெயர் கேட்ட ஊர்கள்

எங்கள் அண்ணனைக் கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு ஆகிறது. பூசைக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கிறோம். அழுகை ஓய்ந்துவிட்டது, ஆதங்கம் ஓயவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் குருசுக்குப்பத்தில் பிறந்தார். தகப்பனாரை இளமையிலேயே இழந்ததால், எங்களைக் கரையேற்றப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சீரியா தேசம் போனார். திரும்பியபோது மற்றவர்கள் பட்டும் அத்தரும் இறக்கினார்கள். இவர் இறக்கியது ஒரு பிஸ்கோத்து டப்பா நிறையப் பச்சை பூத்த வெண்கலக் காசுகள். அங்கே ஏர் ஓட்டும்போது கிடைப்பவையாம். உரோமை ராசாக்கள் ஆண்ட காலத்தில் கிரேக்கப் பட்டணங்கள் தங்கள் கடைத்தெருவுக்கென்று தாங்களே அடித்துக்கொண்டவை. ஒரு பக்கம் ராசா தலை. மறுபக்கம் அந்த ஊர்ச் சாமியோ கோயிலோ, சுற்றிலும் கிரேக்க எழுத்தில் ஊர்ப் பெயர்.

அந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ளத்தான் அண்ணன் கடைசிவரை அலைந்தார். படித்த பெரியவர்களிடம் நீட்டினால், தலையைப் பார்த்து "உரோமை ராசா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புரட்டிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. தங்கை வீட்டுக்காரரோ, "மச்சான் போகாத ஊருக்கு வழி கேக்குறாரு" என்று பந்தியில் சிரிப்பார்.

"போன ஊருதான் மாப்ள. பேருதான் தெரியல" என்பார் அண்ணன்.

அவர் படுக்கையில் விழுந்த வருடம், பாஸ்கு பண்டிகைக்காக மெழுகுவத்தித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்த அண்ணி, கைக்கு எட்டிய காசுகளையும் தேய்த்துவிட்டார். காலத்தில் தேய்ந்துபோன எழுத்து அந்தப் பச்சைக் களிம்பில்தான் நின்றிருந்தது; களிம்போடு அதுவும் போயிற்று.

"பாசி புடிச்சுக் கெடந்துச்சுங்க. இப்ப பாருங்க, தங்கமாட்டம் மின்னுது."

அண்ணன் ஒன்றை வாங்கித் தடவிப் பார்த்தார். "ராசா தலை இருக்குது. ஊரு எங்கடி?"

"புளி போட்டா போயிடுற ஊரெல்லாம் ஒரு ஊருங்களா?"

அண்ணனே சிரித்துவிட்டார். எனக்குத்தான் இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

டப்பாவின் அடியில் துணியில் முடிந்திருந்த கொஞ்சம் காசுகள் தப்பின. அவற்றையும் அடக்கத்தன்று, ஞாபகத்துக்கென்று கேட்ட உறவுகளுக்கெல்லாம் அண்ணி எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒன்றைத் துளை போட்டுக் குழந்தையின் அரைஞாணில் கட்டியிருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். இப்போதுதான், கிரேக்கம் படித்த சாமியார் ஒருவர் நம் பங்குக்கு வந்து, வாசித்துத் தருகிறேன் என்கிறார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதைத்தான்.

நோயில் உடனிருந்து பார்த்தவர்களுக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், சலிக்காமல் பணிவிடை செய்த அண்ணிக்கும் எங்கள் நன்றி. காசு வைத்திருக்கும் சொந்தங்களே, தேய்க்காதீர்கள், துளை போடாதீர்கள். ஒருநாள் மட்டும் கொடுங்கள். ஊர்ப் பெயரைப் படித்து, அண்ணன் கல்லறையில் போய்ச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தந்துவிடுகிறேன்.