மதிலடிப் பொடுதலை

எனக்கு மூலம். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அடையாறில் பார்த்த டாக்டர் மாத்திரை கொடுத்து, ஆறு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் ஆபரேஷன்தான் என்றார். அந்த மேஜையில் குப்புறப் படுக்க வேண்டுமே என்று அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கினேன்.

மனைவி தன் பங்குக்குப் பொடுதலைத் துவையலைத் தொடங்கினாள். நல்லெண்ணெயில் வதக்கிய இலை, உளுத்தம்பருப்பு, மிளகு, கொஞ்சம் புளி. மிளகாய் கிடையாது. கடைகளில் பொடுதலை கிடைப்பதில்லை. கோட்டூர்புரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மாதான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கட்டு கொண்டுவந்தார். தரையோடு படர்கிற செடி. இலை சிறு கரண்டி போல இருக்கும், நுனிப்பக்கம் மட்டும் பல். பூ தீக்குச்சித் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் கருஞ்சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம். பன்னிரண்டாம் நாள் ரத்தம் நின்றது. துவையலாலா, மாத்திரையாலா என்று தெரியவில்லை. டைரியில் இரண்டையும் எழுதினேன்.

அதோடு விட்டிருக்கலாம். இலை இவ்வளவு செழிப்பாக இருக்கிறதே, எந்த மண் என்று கீரைக்காரம்மாவிடம் கேட்டுத் தொலைத்தேன்.

"மண்ணா? இன்னா சார் நீ! வா காட்றேன், பக்கத்துலதான் கீது."

ஆற்றுப் பக்கம் போகும் சந்தில் ஒரு நீளமான மதில். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்துக்குக் கீழே இடுப்பளவுக்குச் சுவர் கறுத்துப் போயிருந்தது. அதன் அடியில்தான் பாய் விரித்த மாதிரி பூத்துக் கிடந்தது பொடுதலை. ஓர் ஆட்டோக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"யோவ், கீரை பறிக்கிற எடம்யா! அப்பால போ!" என்று கீரைக்காரம்மா கத்தினார்.

"இன்னாக்கா, நாந்தானே தெனமும் தண்ணி ஊத்தி வளக்குறேன்!" என்றார் அவர், திரும்பாமலே.

காலையில் சாப்பிட்டதெல்லாம் தொண்டைக்கு ஏறியது. சந்திலேயே குனிந்து வாந்தி எடுத்தேன்.

"ஈரம் கீற எடத்துலதான் சார் இது வரும். அலசித்தானே குடுக்குறேன்," என்று கீரைக்காரம்மா கோபித்துக்கொண்டார். எதில் அலசினார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஐந்து முறை பல் தேய்த்தேன். "வதக்கித்தானே அரைக்கிறேன்?" என்றாள் மனைவி. இனி அந்தக் கட்டு வாசல்படி தாண்டக்கூடாது என்றேன். துவையல் நின்றது. மாத்திரையை ஒருவேளைகூட விடவில்லை. இருந்தும் ஐந்தாம் நாள் மறுபடி ரத்தம்.

பாலவாக்கத்தில் இருக்கும் அலுவலக நண்பர் வீட்டுத் தோட்டத்திலிருந்து இருபது தண்டு வாங்கிவந்தேன். இதற்குக் கணுதான் முக்கியம். கணு மண்ணைத் தொட்டால் அங்கே வேர்விடும். மணலும் செம்மண்ணும் கலந்த தொட்டியில் இரண்டிரண்டு கணு புதைத்து, மொட்டைமாடியில் வைத்து, இருவேளை நீர் ஊற்றினேன். பிழைத்துத் துளிர்த்தன. இரண்டு வாரத்தில் மனைவி, "தொட்டியில கிள்ளினேன்" என்று துவையல் வைத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டேன். ரத்தம் குறைந்து, பிறகு நின்றது.

டாக்டரிடம் போக நான்கு நாள் இருந்தபோது, தழைவு எப்படி என்று தொட்டி அருகே உட்கார்ந்து பார்த்தேன். அறுபத்து மூன்று கொழுந்துகள். ஒன்றில்கூடக் கிள்ளிய தழும்பு இல்லை.

கீழே வந்தேன். அவள் மிக்ஸி ஜாரை வழித்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கேருந்து வருது?"

அவள் நிமிரவில்லை. "உங்களுக்கே தெரியும். ஆபரேஷனா இதுவா, சொல்லுங்க. வேணாம்னா இப்பவே கொட்டிடறேன்."

எனக்கு அந்தக் கறுத்த சுவரின் நெடி மூக்கில் ஏறியது. அவள்மேல் ஆத்திரம். அவளைவிட என்மேல் அருவருப்பு.

"சோத்தைப் போடு," என்றேன்.

மெல்லாமல், மூச்சை அடக்கி, உருண்டை உருண்டையாக விழுங்கினேன். இரண்டு முறை குமட்டியது. மோர் டம்ளரை நீட்டியபடி அவள் பக்கத்திலேயே நின்றாள்.