பொருளாளர்: வேண்டாம்

போன வாரம் பள்ளி விட்டு வந்த என் மகள் இரண்டு புறங்கைகளையும் என் முன்னால் நீட்டினாள். இரண்டிலும் ஊதா நிறத்தில் ஒவ்வொரு நட்சத்திரம். கணக்கைச் சரியாகப் போட்டதற்கு அவளுடைய மிஸ் குத்திவிட்ட முத்திரை. நான் நட்சத்திரத்தைப் பாராட்டாமல் கையை இழுத்து முகர்ந்து பார்த்தேன். "ஏம்மா மோந்து பாக்குற?" என்று கையைப் பிடுங்கிக்கொண்டாள். ஸ்டாம்ப் பேடு மையின் வாசனை சிலருக்குத் தலைவலி தரும். எனக்கு அது ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ரப்பர் ஸ்டாம்பு கடையையும் வேண்டா அக்காவையும் கொண்டுவந்து நிறுத்தும். இதையெல்லாம் எட்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

அப்போது நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவள் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. கடையில் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம். காலையில் தெருவைத் தாண்டும்போது அரிசி ஆலைகளிலிருந்து அவித்த நெல்லின் வாசம் வரும். அந்த வாசம் வந்தால் மணி எட்டரை, நான் தாமதம் என்று அர்த்தம். ஓடுகிற ஓட்டத்தில் பக்கத்து வீட்டு வேண்டா அக்கா, "சாப்ட்டுகினு போ கண்ணு" என்பார். நான் பதிலுக்கு, "நீங்க சாப்ட்டீங்களாக்கா?" என்பேன். "எனக்கு வேணாம்" என்பார். டீ கொடுத்தாலும் வேணாம், உட்கார நாற்காலி போட்டாலும் வேணாம். பேருக்கு ஏற்ற வாய் என்று தெருவே கேலி செய்யும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தப் பெயர் உங்களுக்கு விநோதமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் வரிசையாகப் பெண் குழந்தைகளாகப் பிறந்தால் கடைசியாக வந்ததற்கு 'வேண்டா' என்று பெயர் வைத்துவிடுவார்கள். இனிமேல் பெண் வேண்டாம் என்று கடவுளுக்குச் சொல்லும் செய்தி அது. கடவுளுக்குக் கேட்டதோ இல்லையோ, அந்தப் பெண்ணுக்கு ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். அக்காவுக்கு அடுத்துத் தம்பி பிறக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் முடிவதுதான் அவருக்குத் தொழில். கை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும், வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்.

அக்காவின் அம்மா இறந்தபோது நல்ல சித்திரை வெயில். மூத்த அக்கா சூரத்தில் இருந்தார். ரயில் பிடித்து வருவதற்குள் உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். பால் தெளித்து முடித்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். "மொகத்த பாக்கலியேடி, என் அம்மா மொகத்த நான் பாக்கலியே" என்று வேண்டா அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஐஸ் பெட்டி என்று ஒன்று அப்போதும் இருந்தது. வேலூரிலிருந்து வாடகைக்கு வர வேண்டும், வாடகை எங்கள் தெருவுக்குக் கட்டாது.

காரியம் முடிந்த மறுவாரமே வேண்டா அக்கா வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். நம் தெருவுக்கென்று சொந்தமாக ஒரு ஐஸ் பெட்டி வாங்க வேண்டும், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வாடகை இல்லாமல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய திட்டம். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கத் தெரியாத அந்த வாய் எப்படிக் கேட்டதோ தெரியாது. தெரு கொடுத்தது. ஆலையில் மேஸ்திரியாக இருந்த கஜேந்திரன் அண்ணன் தலைவர், பி.காம். படித்த குற்றத்துக்காக நான் செயலாளர், வேண்டா அக்கா பொருளாளர். பெட்டி செய்து தரும் கம்பெனி, குழுவின் பெயரில் காசோலை கொடுத்தால்தான் ஆர்டர் எடுப்போம் என்றது. வங்கிக் கணக்கு என்ற பேச்சு அப்படித்தான் வந்தது.

கணக்குத் தொடங்கக் குழுவுக்கு ஒரு பெயர் வேண்டுமே. அதற்கு நடந்த கூட்டம் பெரிய கூத்து. 'நற்பணி மன்றம்' என்றார் ஒருவர். நடிகருக்குக் கட்டவுட் வைக்கிற கூட்டம் என்று வங்கியில் நினைத்துக்கொள்வார்கள் என்று அதைத் தள்ளினோம். 'இறுதிப் பயண' என்று நான் இலக்கியமாக ஆரம்பித்தேன். "கணக்கு ஆரம்பிக்கும்போதே இன்னா பேச்சு இது!" என்று கஜேந்திரன் அண்ணன் அதட்டியதில் என் இலக்கியம் அங்கேயே படுத்துவிட்டது. கடைசியில் 'ஆற்றோரத் தெரு நலக்குழு' என்று முடிவானது. ஆற்றில் தண்ணீர் போய்க் காலமாகிவிட்டது, ஆனாலும் தெருவுக்குப் பெயர் அதுதான். ரப்பர் ஸ்டாம்பு செய்து வந்த அன்று அக்கா தன் உள்ளங்கையில் அதைக் குத்திப் பார்த்து, மை காயும்வரை கையை விரித்தபடியே நடந்து வந்தார்.

வங்கியில் தீர்மானம் கேட்டார்கள். குழு கூடி இன்னார் இன்னார் கணக்கை நடத்துவார்கள் என்று முடிவு செய்ததாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கஜேந்திரன் அண்ணன் தன் கையாலேயே எழுதினார். இனிஷியல், திரு, திருமதி எதுவும் கிடையாது. பதவி, பக்கத்தில் பெயர், தீர்ந்தது. அதை டைப் அடிக்க டி.டி.பி. கடையில் கொடுத்தோம். அங்கே இருந்த பெண் கடலூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், பாவம், தமிழில் கெட்டிக்காரி. 'பொருளாளர்: வேண்டா' என்று இருந்ததைப் பார்த்து, ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று அக்கறையாக ஒரு 'ம்' சேர்த்துவிட்டாள். ஜல்தியாகக் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் நாங்கள் யாரும் படித்துப் பார்க்கவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ஸ்டாம்பையும் நாலு இடத்தில் அழுத்திக் குத்தினோம், குத்துவதற்குத்தானே செய்தோம்!

பாஸ்புக் வாங்கப் போன அன்று அக்கா குஞ்ச வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தார். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள்தான் இருந்தன, தலைவர், செயலாளர். அதோடு ஒரு உறையில் அக்காவின் போட்டோவும் ஆதார் நகலும் திரும்பி வந்திருந்தன. கவுன்டரில் இருந்த பெண் மதுரைப் பக்கத்துக்காரர். "பொருளாளர் வேண்டாம்னு நீங்கதானே தீர்மானத்துல எழுதியிருக்கீங்க? அதான் அவங்க பேப்பர திருப்பிட்டோம்" என்றார். ஆதார் அட்டையைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்கக் கூடாதா என்று கேட்கவும் வழியில்லை. அதில் 'வெண்டா' என்று அச்சடித்து, அவரை வெண்டைக்காய்க்குத் தங்கையாக்கி வைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் கஜேந்திரன் அண்ணன், "இதுக்குன்னு மறுபடியும் தீர்மானம், மறுபடியும் கையெழுத்து, பேஜாரும்மா. ரெண்டு பேர் போதும் உடு. நீதான் எல்லாத்தையும் பாத்துகினு கீறியே, பேர் எதுல இருந்தா இன்னா?" என்றார். நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா வழக்கம்போல, "பரவால்லண்ணே, வேணாம்" என்றார். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். அவர் அந்த உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வந்தார். வேண்டா அக்கா பேசாமல் வந்து அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை கடையில் முதல் பில் போடுவதற்குள் வாசலில் வந்து நின்றார்.

"கண்ணு, ஒரு மணி நேரம் பர்மிசன் கேளு. பேங்க்குக்குப் போலாம் வா."

"அண்ணன் கூட வேணாமாக்கா?"

"புதுத் தீர்மானத்துல அவரு ராவுலயே கையெழுத்து போட்டுத் தந்துட்டாரு. நான்தான் போய் குந்திகினேன், தராம எந்திரிக்கல" என்றார்.

வங்கியில் அதே பெண். புதுத் தாளை வாங்கிக்கொண்டு, "சேக்க வேண்டியவங்க பேரு சொல்லுங்க" என்றார்.

"வேண்டா."

"வேண்டாமா? சேக்கணும்னுதானேக்கா வந்திருக்கீங்க?"

"ஆமாங்க, சேக்கணும்."

"அப்ப பேரச் சொல்லுங்க."

"அதாங்க சொல்லிகினு கீறேன், வேண்டா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் குனிந்து, எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பெயர் உண்டு, ஏன் வைப்பார்கள் என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. "எனக்கு போதும்பொண்ணுன்னு ஒரு அத்தை இருக்காங்க" என்றார் மெதுவாக. பிறகு அக்காவைப் பார்த்து, "கெசட்ல குடுத்துப் பேர மாத்திக்கலாம்க்கா. நல்ல பேரா வச்சுக்கிட்டு வாங்க, அப்புறம் சேத்துக்கலாம்" என்றார். அன்போடுதான் சொன்னார்.

அக்கா கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க. எங்கப்பா வெச்சது வெச்சிட்டாரு. ஊடு ஊடா போயி கேட்டது இந்தப் பேருக்காரிதான். அவுங்களும் இந்தப் பேர நம்பிதான் குடுத்தாங்க. இந்தப் பேருலயே கையெழுத்து போடணும்." உறையைக் கவுன்டரில் நகர்த்தி வைத்தார். "எனக்கு வேணும்ங்க."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதுரைப் பெண் மேலதிகாரியிடம் தாளை எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வந்தார், மாதிரிக் கையெழுத்து அட்டையை நீட்டினார். அக்கா எழுத்துக் கூட்டிக் கூட்டி, கட்டத்தை மீறி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் தெருவில் வசூலான பணத்தைக் கட்ட அவர்தான் போவார். கூடச் சில நாள் நானும் போவேன். தூரத்தில் பார்த்ததுமே மதுரைப் பெண், "வேண்டாக்கா, வாங்க!" என்று கூப்பிடுவார். கேட்கிறவர்களுக்கு வர வேண்டாம் என்கிறாரா, வா என்கிறாரா என்று குழப்பமாக இருக்கும். அக்காவுக்கு அந்தக் கூப்பாடு அப்படிப் பிடிக்கும். ஒருநாள் அந்தப் பெண் கொடுத்த டீயை வாங்கிக் குடித்துவிட்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியும் வந்தது. பெங்களூரிலிருந்தும் சூரத்திலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகள் வந்து அப்பன் முகத்தையும் ஆத்தாள் முகத்தையும் பார்த்தார்கள். ஒவ்வொரு சாவிலும் அக்கா பெட்டியின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு நிற்பார், முகம் நன்றாகத் தெரிய வேண்டுமே.

போன ஐப்பசியில் அக்கா போய்விட்டார். சர்க்கரை நோய்தான். முற்றியது தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல்யாணமாகி வந்த சென்னையிலிருந்து நான் போய்ச் சேர்ந்து முகம் பார்த்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

பெயருக்கு நான்தான் இன்னும் செயலாளர். கணக்கிலிருந்து அவருடைய பெயரை எடுக்க இந்த மாதம் வங்கிக்குப் போயிருந்தேன். டி.டி.பி. கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மதுரைப் பெண் மாற்றலாகிப் போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. கவுன்டரில் ஒரு சின்னப் பெண், ஆரணியிலேயே பிறந்து வளர்ந்தவளாம். திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், வேண்டான்னு இருக்குது. டைப்பிங் மிஸ்டேக்குங்களா?" என்றாள்.

இந்த ஊர்ப் பெண்ணுக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே தெரியவில்லை. அவளோடு படித்தவர்களில் ஒருத்திக்கும் அந்தப் பெயர் இல்லையாம். கேட்டதும் மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அடியோடு தொலைய வேண்டிய பெயர்தான், தொலைந்துவிட்டது. இனி எந்தக் குழந்தையின் காதிலும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

"மிஸ்டேக் இல்லம்மா, பேருதான்" என்றேன். அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையிலிருந்து அக்கா போய்விட்டார். வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெயர் போகட்டும். எனக்கு வேண்டா அக்கா வேண்டும்.