தகப்பன் என்ற இடத்தில் தொபிலே

எங்கள் ஊர் ம்தன்சானேயின் டாக்ஸி நிலையத்தில் தொபிலேயின் வாயை அடைக்க ஆள் கிடையாது. ஓட்டுவது ஆள் ஏற்றும் ஒரே ஒரு டாக்ஸி வேன். பேச்சிலோ மூன்று ஓடும், மூன்றுக்கும் அவனே முதலாளி. அளந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் யார் குடி கெட்டது என்றுதான் எல்லோரும் இருந்தோம். கடைசியில் அண்ணன் மகள் யோலிஸ்வாவின் படிப்பே கெட இருந்தது.

அண்ணன் போய்ச் சேர்ந்தபின் அவளை வளர்த்தவன் இவன். எங்களில் அப்பாவின் தம்பியும் அப்பாதான். கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்தில் தகப்பன் என்ற இடத்தில் அவள் யோசிக்காமல் இவன் பெயரைப் போட்டாள். "மாசம் எவ்வளவு வருதுப்பா?" என்று அவள் கேட்ட நேரம், பக்கத்து வீட்டார் அவனைச் சுற்றி உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். விடுவானா பாவி! மூன்று வண்டி வருமானத்தையும் சேர்த்துச் சொன்னான்.

வாரக்கணக்கில் அவள் ஃபோனில் விண்ணப்பத்தின் நிலை 'பரிசீலனையில்' என்றே இருந்தது. ஒரு காலை அது மாறியது: 'நிராகரிப்பு. குடும்ப வருமானம் வரம்புக்கு மேல். மேல்முறையீடு செய்யலாம்.'

"அவ்வளவுதானா? முடிஞ்சுபோச்சா?" என்றான் தொபிலே.

"இல்லப்பா. வருமானம் தப்புன்னு அஃபிடவிட் குடுத்தா மறுபடி பார்ப்பாங்க. நாளைக்குள்ள அனுப்பணும். இல்லேன்னா சீட்டு போயிடும்."

அஃபிடவிட்டுக்கு முத்திரை குத்துவது போலீஸ் ஸ்டேஷனில். போய்ப் பார்த்தால் வரிசையில் பாதிப்பேர் டாக்ஸி டிரைவர்கள். "என்ன முதலாளி, நாலாவது வண்டியா?" என்று கத்தினான் அவர்களில் ஒருவனான லின்டேலா.

தொபிலே காதில் விழாதவன் போல மேஜைக்கு நழுவினான். அங்கே இருந்த பெண் போலீஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கா இந்த முழி முழிக்கிறீங்க? அப்பா இல்ல, சித்தப்பான்னு ஒரு வரி எழுதுங்கண்ணே. உங்க வருமானத்த யாரும் கேக்க மாட்டாங்க."

அப்பாடா, மானம் பிழைத்தது! பேனாவை வாங்கி, 'நான் இவளுடைய அப்பா' என்பது வரை எழுதினான். அதற்குமேல் கை ஓடவில்லை.

"எழுதுங்கப்பா, பரவால்ல," என்றாள் யோலிஸ்வா தரையைப் பார்த்தபடி.

பேனாவை வைத்துவிட்டான். "வேற வழி இல்லையா மேடம்?"

"நெஜமான வருமானத்த எழுதணும். நான் சத்தமா வாசிப்பேன், நீங்க சத்தியம் பண்ணணும்."

தொபிலே வரிசையின் பக்கம் திரும்பினான். "அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், கேட்டுக்கோங்கடா! எனக்கு ஒரு வண்டியும் கெடையாது. அந்த வேன்கூட வேறொருத்தனுது, நான் வாரக்கூலிக்கு ஓட்டுறேன். பொண்ணு மட்டுந்தான் என்னுது. எழுதுங்க மேடம்."

ஸ்டேஷனே விழுந்து விழுந்து சிரித்தது. யோலிஸ்வா மட்டும் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த மாதம் ஃபோனில் 'ஒப்புதல்' வந்தது. யோலிஸ்வா கூப்பிட்டுச் சொன்னதும் தொபிலே வேனை நடுரோட்டில் நிறுத்திவிட்டு விம்மி விம்மி அழுதான். வேலைக்கு நேரமாகிறதென்று பயணிகள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள்.